கானகத்து விருந்தினர்

நுழையும்முன்

பறவைகளைக் காண இரண்டு வழிகள் உள்ளன. அவை வாழும் இடத்தைத் தேடிச் செல்வது ஒன்று. அவை வரும் இடத்தில் அமைதியாகக் காத்திருப்பது மற்றொன்று. குளிர்காலத்தில் இரையின்றி வாடும் சிறுபறவைகளுக்கு உணவு வைத்து, அவற்றை அருகிருந்து கண்டு, ஒளிப்படம் எடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அவ்வழக்கம் அறிவியலுக்கும் ஒளிப்படக் கலைக்கும் அளித்த கொடைகள் பல. அதே வழக்கம் எதிர்பாராத தீங்கு ஒன்றையும் விளைவித்தது. அன்போடு செய்யும் செயலுக்கும் அறிவு துணைநிற்க வேண்டும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது.

குளிர்காலக் காடு

இங்கிலாந்தின் தென்பகுதியில் வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே ஓக், பீச், ஹேசல் முதலிய மரங்கள் செறிந்த சிறுகாடுகள் காணப்படுகின்றன. கோடைக்காலத்தில் இம்மரங்களின் இலைகள்தோறும் புழுக்கள் நிறைந்திருக்கும். பறவைகளுக்கு உணவுப்பஞ்சம் இராது. இலையுதிர்காலம் முடிந்ததும் நிலை தலைகீழாகிவிடும். இலைகள் உதிர, புழுக்கள் மறையும். நிலம் உறைந்து இறுகுவதால் மண்ணைக் கிளறி இரை தேடவும் இயலாது. டிசம்பர் மாதத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணிநேரமே நீடிக்கும். எஞ்சிய 16 மணிநேரமும் இருள்.

இக்காடுகளில் வாழும் நீலப் பட்டாணிக்குருவியின் எடை ஏறத்தாழ 11 கிராம். பெரிய பட்டாணிக்குருவி 18 கிராம் அளவே இருக்கும். உடல் சிறியதாக இருப்பின் வெப்பம் விரைவாக வெளியேறும் என்பது இயற்பியல் உண்மை. எனவே, நீண்ட இரவைக் கடப்பதற்குத் தேவையான ஆற்றலைக் கொழுப்பாக உடலில் சேர்த்துக்கொள்ள இப்பறவைகள் குறுகிய பகல் முழுவதும் உண்டாக வேண்டும். கடுங்குளிர் இரவு ஒன்றில் ஒரு சிறுபறவை தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும். மறுநாள் காலையில் இழந்ததை ஈடுசெய்ய உணவு கிடைக்கவில்லையெனில் அடுத்த இரவைக் கடப்பது அரிதாகிவிடும்.

காட்டின் ஓரத்தில் வைக்கப்படும் ஒரு கைப்பிடி விதையின் மதிப்பு இங்குதான் புலனாகிறது. பார்ப்பவருக்குப் பொழுதுபோக்காகத் தோன்றும் உணவுமேடை, பறவைக்கு உயிர்நிலையாக அமைகிறது.

உணவிடும் வழக்கம்

பறவைகளுக்கு உணவிடும் வழக்கம் இங்கிலாந்தில் பரவிய காலமும், பறவைகளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே. பெண்களின் தொப்பிகளை அழகுபடுத்தும் இறகுகளுக்காகப் பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்டு வந்தன. அதனை எதிர்த்துப் பெண்களே முன்னின்று 1889ஆம் ஆண்டு ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அதுவே பின்னாளில் அரச பட்டயம் பெற்று, ‘பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கம்’ என வளர்ந்தது. அதையடுத்து வந்த 1890 - 91 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பசியால் வாடும் பறவைகளுக்கு உணவளிக்குமாறு செய்தித்தாள்கள் மக்களை வேண்டின.

தொடக்கத்தில் சமையலறையில் எஞ்சிய ரொட்டித் துண்டுகளே உணவாக வைக்கப்பட்டன. ரொட்டி வயிற்றை நிரப்புமேயன்றிக் குளிரைத் தாங்கும் ஆற்றலைப் போதிய அளவு தராது என்பது பின்னர் உணரப்பட்டது. இன்று கம்பிவலைக் குழாய்களில் நிலக்கடலை, சூரியகாந்தி விதை, உருண்டையாக உறையவைத்த மாட்டுக்கொழுப்பு ஆகியவை வைக்கப்படுகின்றன. நிலக்கடலையைக் கம்பிவலைக்குள் வைப்பதற்கும் காரணம் உண்டு. பறவைகள் முழுக்கடலையைக் கொண்டுசென்று குஞ்சுகளுக்கு ஊட்டினால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வலையின் வழியே சிறிது சிறிதாகக் கொத்தியெடுக்க மட்டுமே இயலும் என்பதால் அவ்விடர் நீங்குகிறது.

வைக்கும் இடத்திற்கும் இலக்கணம் உண்டு. ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் புதர் இருத்தல் வேண்டும். வல்லூறு பாய்ந்து வருமாயின் சிறுபறவைகள் ஓடி ஒளிய அப்புதர் உதவும். அதைவிட அருகில் இருந்தால் பூனை பதுங்கியிருக்க இடமாகிவிடும்.

மேடையில் ஒரு காலைப்பொழுது

உணவுமேடையை அரைமணிநேரம் உற்றுநோக்குபவர் அங்கு ஓர் ஒழுங்கு நிலவுவதைக் காண்பர். முதலில் வருவன பெரும்பாலும் பட்டாணிக்குருவி இனங்களே. பெரிய பட்டாணிக்குருவி வந்தால் நீலப் பட்டாணிக்குருவி இடம்விட்டு விலகும். நீலப் பட்டாணிக்குருவி வந்தால் அதனினும் சிறிதான கரிப் பட்டாணிக்குருவி ஒதுங்கும். 9 கிராம் எடையேயுள்ள இச்சிறுபறவை மற்றவற்றோடு போரிடுவதில்லை. இடைவெளி கிடைக்கும்போது விரைந்து வந்து ஒரு விதையைக் கவ்விச் சென்று, மரப்பட்டையின் இடுக்கிலோ பாசிக்குள்ளோ மறைத்து வைத்துவிட்டு மீண்டும் வரும். வலிமையில் தாழ்ந்தது சேமிப்பால் ஈடுசெய்துகொள்கிறது.

நட்ஹாட்ச் என்னும் பறவை அடிமரத்தில் தலைகீழாக இறங்கிவரும் காட்சி புதியவரை வியக்கவைக்கும். இது கொட்டையை மரப்பட்டையின் பிளவில் செருகி, அலகால் உளிபோல் அடித்து உடைக்கும். புள்ளி மரங்கொத்தி வந்தமர்ந்ததும் ஏனைய பறவைகள் அனைத்தும் விலகிவிடும். அதன் பின்கழுத்தில் சிவப்புத் திட்டு இருந்தால் ஆண், இல்லையெனில் பெண். உச்சந்தலை முழுவதும் சிவப்பாக இருந்தால் அவ்வாண்டு பிறந்த இளம்பறவை. இத்தகைய நுட்பங்களைப் பறவை தொலைவில் பறக்கும்போது அறிதல் அரிது. மேடையில் அமர்ந்து கொத்தும் சில நொடிகளே அவற்றைக் கற்பிக்கின்றன.

திடீரென மெல்லிய, உயர்ந்த குரல் ஒன்று கேட்கும். அக்கணமே மேடை வெறிச்சோடும். சில பறவைகள் இருந்த கிளையிலேயே அசைவற்று உறையும். வல்லூற்றைக் கண்ட ஏதோவொரு பறவை எழுப்பிய எச்சரிக்கைக் குரல் அது. ஓர் இனம் எழுப்பிய குரலை மற்ற இனங்களும் அறிந்து நடக்கின்றன. உணவுக்காகப் போட்டியிட்ட பறவைகள் ஆபத்துக் காலத்தில் ஒன்றன் காவலில் ஒன்று வாழ்கின்றன.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாத இறுதியில் பொதுமக்கள் பங்கேற்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. சிறுவர்களுக்கான செயல்பாடாகத் தொடங்கிய இதில் இன்று பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் பங்கேற்கின்றன. ஒவ்வொருவரும் ஒரு மணிநேரம் மட்டும் உற்றுநோக்க வேண்டும். ஒரே பறவை பலமுறை வந்து செல்லக்கூடும் என்பதால் வந்த பறவைகளையெல்லாம் கூட்டுவதில்லை. ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் காணப்பட்ட மிகுதியான எண்ணிக்கையை மட்டுமே குறித்துக்கொள்வர். 

அண்மை தந்த அறிவு

பறவைகளை அருகிருந்து காணும் வாய்ப்பு, அவற்றைப் பற்றிய அறிவையே மாற்றியமைத்தது. டேவிட் லாக் என்பவர் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் ராபின் பறவைகளின் கால்களில் வண்ண வளையங்களை அணிவித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங்கண்டு ஆராய்ந்தார். அன்பின் சின்னமாக வாழ்த்து அட்டைகளில் இடம்பெறும் அச்செம்மார்புப் பறவை, உண்மையில் தன் எல்லையைக் கடுமையாகக் காத்துப் போரிடும் இயல்பினது என்பதை அவர் நிறுவினார். செந்நிற இறகுகளை ஒரு கொத்தாகக் கட்டி வைத்தால், அதனையும் பகையெனக் கருதி ராபின் தாக்கும். அவர் எழுதிய ‘ராபினின் வாழ்க்கை’ என்னும் நூல் 1943ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அவர் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் 1947ஆம் ஆண்டு பெரிய பட்டாணிக்குருவிகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட கூட்டுப்பெட்டிகளுடன் அவ்வாய்வு இன்றும் தொடர்கிறது.

லென் ஹோவர்டு என்னும் பெண்மணி இசைக்கலைஞர். அவர் சசெக்ஸ் பகுதியில் டிச்லிங் என்னும் சிற்றூரில் ஒரு குடிலில் வாழ்ந்தார். அதன் சன்னல்கள் பறவைகளுக்காகத் திறந்தே இருந்தன. பட்டாணிக்குருவிகள் அறைக்குள் வந்து உணவருந்தின. அவர் அவற்றைக் கூண்டிலடைக்கவில்லை, வளையமும் அணிவிக்கவில்லை. நடை, நிற்கும் நிலை, முகத்தோற்றம் ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொன்றையும் வேறுபடுத்தி அறிந்தார். 1952ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல், ஒவ்வொரு பறவையும் தனக்கெனத் தனித்த குணம் உடையது என்பதை எடுத்துரைத்தது.

மனிதர் திட்டமிட்டு வைக்காத உணவும் ஓர் ஆய்வுக்கு வழிவகுத்தது. இங்கிலாந்தில் அதிகாலையில் வீட்டு வாயிலில் பால்புட்டிகளை வைத்துச் செல்வது முன்பு பரவலான வழக்கமாக இருந்தது. 1921ஆம் ஆண்டில் சவுத்தாம்ப்டன் பகுதியில் பட்டாணிக்குருவிகள் புட்டியின் மூடியைப் பெயர்த்து, மேலே திரண்டுள்ள பாலேட்டைப் பருகுவது கண்டறியப்பட்டது. பின்னர் இப்பழக்கம் நாட்டின் பல பகுதிகளிலும் காணப்பட்டது. ஜேம்ஸ் பிஷர், ராபர்ட் ஹிண்டு ஆகியோர் மக்களிடமிருந்து செய்திகளைத் திரட்டி 1949ஆம் ஆண்டு இதனை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். பறவைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றனவா என்னும் வினா அதனால் எழுந்தது.

பல்லாண்டுகளுக்குப் பின் வைத்தம் காட்டில் நடந்த சோதனை அவ்வினாவுக்கு விடையளித்தது. சிறிய கதவொன்றை இடப்புறமோ வலப்புறமோ தள்ளினால் புழு கிடைக்கும் பெட்டிகள் காட்டில் வைக்கப்பட்டன. பறவைக் கூட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பறவைகள் மட்டும் பிடிக்கப்பட்டு, ஒரு பக்கமாகத் தள்ளப் பயிற்சியளித்து விடுவிக்கப்பட்டன. சில வாரங்களில் அக்கூட்டத்தின் பெரும்பாலான பறவைகள் அதே முறையைக் கற்றுக்கொண்டன. மறுபக்கம் தள்ளினாலும் அதே உணவு கிடைக்கும் என்றபோதும் தம் கூட்டத்தின் வழக்கத்தையே பின்பற்றின. அடுத்த ஆண்டிலும் அவ்வழக்கம் நிலைத்திருந்தது. 2015ஆம் ஆண்டு வெளியான இம்முடிவு, சின்னஞ்சிறு பறவைகளிடமும் வழிவழி வரும் மரபு உண்டு என்பதைப் புலப்படுத்தியது.

மறைவிடமும் ஒளிப்படமும்

கண்ணால் கண்டதைப் பிறருக்கும் காட்ட விழைந்தவர்கள் ஒளிப்படக் கருவியை நாடினர். யார்க்‌ஷயர் மலைப்புறத்தில் பிறந்த ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தோர் இருவரும் இத்துறையின் முன்னோடிகள். 1892ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் செர்ரி, பாடும் பறவையொன்றின் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்தார். 1895இல் முழுவதும் ஒளிப்படங்களையே கொண்ட பறவைக்கூடுகள் பற்றிய நூலை இருவரும் வெளியிட்டனர். அதுவரை பறவையை அறிய விரும்பியவர் துப்பாக்கியால் அதனைச் சுட்டு வீழ்த்துவதே வழக்கமாக இருந்தது. துப்பாக்கியின் இடத்தில் ஒளிப்படக் கருவியை வைத்துக் காட்டியது அவ்விருவரின் பெருமை.

அக்காலக் கருவிகள் கனமானவை. கண்ணாடித் தகடுகளில் படம் பதிந்தது. தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் வில்லைகளும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே, பறவைக்கு மிக அருகில் செல்வது இன்றியமையாததாயிற்று. அதற்காகக் கீர்ட்டன் உடன்பிறந்தோர் பொய்யான அடிமரம் ஒன்றைச் செய்தனர். 1900ஆம் ஆண்டில் உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றைச் செய்து அதனுள் நின்று படமெடுத்தனர். ஒருமுறை உள்ளே நெடுநேரம் குனிந்து நின்ற ரிச்சர்டு மயக்கமுற, மாடு கால்கள் வானத்தை நோக்கக் கவிழ்ந்தது. அக்காட்சியையும் தம்பி படமெடுத்துவிட்டார்.

பின்வந்த எரிக் ஹாஸ்கிங் பறவை ஒளிப்படத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். 1937ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியில் ஆந்தையொன்றின் கூட்டருகே அமைத்த மறைவிடத்திற்கு இரவில் சென்றபோது அவ்வாந்தை தாக்கியதில் அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஆயினும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை. கூட்டை நெருங்கும் மனிதரைத் தாய்ப்பறவை எவ்வாறு கருதுகிறது என்பதற்கு அந்நிகழ்வே சான்று.

கூட்டருகே படமெடுக்கையில் தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைத் துறக்கலாம். முட்டைகள் குளிர்ந்து அழியலாம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் மீன்கொத்தி, வெண்ணாந்தை உள்ளிட்ட குறிப்பிட்ட பறவைகளை அவை கூடுகட்டியிருக்கும் காலத்தில் உரிமம் இன்றித் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கியது. உணவுமேடையில் இத்தகைய இடர் குறைவு. பறவை அங்குத் தன் விருப்பப்படி வருகிறது. அஞ்சினால் பறந்து சென்றுவிடுகிறது. எனவே, ஒளிப்படம் பயில்வோருக்கு உணவுமேடையே ஏற்ற பள்ளியாக விளங்குகிறது.

உணவுமேடையருகே படமெடுப்பதற்குப் பொறுமையே முதல் முதலீடு. மறைவிடத்தைச் சில நாள்களுக்கு முன்பே அமைத்து, பறவைகள் அதற்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். உணவுக்குழாயின் அருகே பாசி படர்ந்த கிளையொன்றை நட்டு வைப்பர். வரிசையில் தம் முறைக்காகக் காத்திருப்பனபோலப் பறவைகள் அதில் வந்தமரும். கிளைக்குப் பின்புலமாக அமையும் மரங்கள் தொலைவில் இருந்தால் படத்தில் அவை மங்கி, பறவை மட்டும் தெளிவாகத் தோன்றும். கருவி பறவையின் கண்மட்டத்தில் இருத்தல் நன்று. பறவையின் கண் தெளிவாக அமையாத படம், ஏனைய அனைத்தும் நன்றாக அமைந்தாலும் உயிரற்றதாகவே தோன்றும். பறக்கும் சிறகை அசைவின்றிப் பதிவுசெய்ய ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விட வேண்டும். குளிர்கால ஒளியோ மிகக் குறைவு. ஆதலின் வெயில் தெளியும் சில மணிநேரத்திற்காகப் பல நாள்கள் காத்திருக்க நேரும்.

படத்தின் வாய்மை

இவ்வாறு எடுத்த படத்தில் பாசிக்கிளையும் பறவையும் மட்டுமே இருக்கும். ஒரு முழம் தள்ளியிருந்த கடலைக்குழாய் சட்டத்திற்கு வெளியே நின்றுவிடும். பார்ப்பவர் அதனை ஆழ்ந்த காட்டில் தற்செயலாகக் கிட்டிய காட்சி எனக் கருதக்கூடும். இது பொய்யா என்னும் வினா ஒளிப்படக் கலைஞர்களிடையே நெடுங்காலமாக நிலவுகிறது.

படமெடுப்போர் எவரும் காட்சியின் ஒரு பகுதியையே தேர்ந்தெடுக்கின்றனர். எனவே, குழாயை விலக்கியது மட்டுமே குற்றமாகாது. ஆனால், அதனை மறைத்துக் கூறுவது குற்றமே. ‘உணவிட்ட இடத்தில் எடுக்கப்பட்டது’ என்னும் ஒரு வரி படத்தின் அழகைக் குறைப்பதில்லை. அதன் மீதான நம்பிக்கையைக் கூட்டுகிறது. மேலும், அப்படத்தைப் பின்னாளில் ஆய்வுக்குப் பயன்படுத்துவோர், அப்பறவை அங்கு இயல்பாக இரை தேடியது எனப் பிழையாக முடிவுசெய்யாதிருக்கவும் அவ்வரி உதவும். சொல்லில் வாய்மையை வலியுறுத்தும் அறம் படத்திற்கும் பொருந்தும்.

விருந்தே நோயாகும்போது

பல ஆண்டுகள் நன்மையாகவே கருதப்பட்ட உணவுமேடைக்கு 2005ஆம் ஆண்டு ஒரு சோதனை நேர்ந்தது. கிரீன்பிஞ்ச் என்னும் பசுமஞ்சள் நிறக் குருவிகள் உணவுமேடைகளின் அருகே இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து அமர்ந்திருந்தன. அவற்றால் உணவை விழுங்க இயலவில்லை. கவ்விய விதையை மீண்டும் உமிழ்ந்தன. சில நாள்களில் இறந்தன. புறாக்களிடம் காணப்படும் நுண்ணுயிரொட்டுண்ணி ஒன்று இக்குருவிகளின் தொண்டையைத் தாக்கியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்நோய் டிரைக்கோமோனோசிஸ் எனப்படுகிறது.

நோயுற்ற பறவையின் உமிழ்நீர் கலந்த விதையையும் நீரையும் நலமான பறவை உட்கொள்ளும்போது நோய் பரவுகிறது. காட்டில் இப்பறவைகள் பரந்து விரிந்த இடத்தில் இரை தேடும். உணவுமேடையிலோ பல பறவைகள் நாள்தோறும் ஒரே இடத்தில் கூடி, ஒரே தட்டில் உண்கின்றன. பசியிலிருந்து காக்கக் கூட்டிய இடமே நோய் பரவும் களமாயிற்று. பிரிட்டனில் கிரீன்பிஞ்ச் பறவைகளின் எண்ணிக்கை 1993ஆம் ஆண்டிலிருந்ததைக் காட்டிலும் 60 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைந்தது. 2021ஆம் ஆண்டு அவ்வினம் பெரிதும் கவலைக்குரிய பறவைகளின் ‘சிவப்புப் பட்டியலில்’ சேர்க்கப்பட்டது.

இச்சரிவை உணர்த்திய சான்றுகளுள் ஒன்று, மக்கள் தம் தோட்டங்களில் அமர்ந்து ஆண்டுதோறும் எடுத்த கணக்கு என்பது குறிப்பிடத்தக்கது. உணவுமேடை நோய்க்கு இடமளித்தது. அதே மேடையை உற்றுநோக்கிய கண்கள் அந்நோயின் விளைவை உலகுக்கு அறிவித்தன. உணவிடுவதை விடவும் உற்றுநோக்குவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இஃது உணர்த்துகிறது.

உணவிடுதல் பறவைகளின் வலசையையும் மாற்றியுள்ளது. பிளாக்கேப் என்னும் கருந்தொப்பிக் குருவிகள் மத்திய ஐரோப்பாவிலிருந்து குளிர்காலத்தில் தெற்கு நோக்கிச் செல்வனவாக இருந்தன. கடந்த சில பதிற்றாண்டுகளில் அவற்றுள் ஒரு பிரிவு வடமேற்காகத் திரும்பிப் பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கியது. மிதமாகிவரும் குளிரும் தோட்டங்களில் கிடைக்கும் உணவும் இதற்குத் துணைசெய்கின்றன. இத்திசை மாற்றம் மரபுவழியாகக் குஞ்சுகளுக்கும் செல்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு சிறு கொழுப்புருண்டை, பறவையின் வழித்தடத்தையே மாற்றும் ஆற்றல் கொண்டது.

அழைத்தவர் பொறுப்பு

விருந்தோம்பலில் விருந்தினரின் நலத்திற்கு அழைத்தவரே பொறுப்பாவார். கானகத்துப் பறவையை உணவு வைத்து அழைப்பவருக்கும் இதே பொறுப்பு உண்டு. உணவுக்குழாய்களையும் நீர்த்தட்டுகளையும் அடிக்கடி கழுவி நன்கு உலர்த்த வேண்டும். ஒரே இடத்தில் எச்சம் சேராதவாறு உணவிடும் இடத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். அன்றே உண்டு முடிக்கும் அளவே வைத்தல் நலம். ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் நச்சு உண்டாகும். அதனை அகற்ற வேண்டும். நோயுற்ற பறவையைக் கண்டால் உணவிடுவதை உடனே நிறுத்திவிட வேண்டும். உணவு இல்லையெனில் பறவைகள் கலைந்து செல்லும். கலைந்து செல்வதே அவற்றுக்குப் பாதுகாப்பு.

ஒளிப்படக் கலைஞருக்கு இவ்விடத்தில்தான் உண்மையான தேர்வு அமைகிறது. பல நாள்கள் காத்திருந்து, நல்ல வெயிலும் வாய்த்து, விரும்பிய பறவை கிளையில் வந்தமரும் நாளன்று, மேடையில் சோர்ந்த குருவியொன்று இறகு சிலிர்த்து அமர்ந்திருக்கலாம். கருவியை மூடிவைத்து, உணவை அகற்றி, அவ்விடத்தைக் கலைப்பவரே பறவையை நேசிப்பவர். இன்னும் ஒரு படம் எடுத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணுபவர் நேசிப்பது படத்தை மட்டுமே. பறவையின் நலமே முதன்மையானது. படம் அதற்கு அடுத்ததே.

இங்கிலாந்தின் உணவுமேடை அந்நாட்டின் குளிரிலிருந்து பிறந்தது. அதனை அப்படியே வேறு நிலத்தில் பின்பற்றுவது பொருந்தாது. உறைபனி இல்லாத தமிழகச் சமவெளியில் பறவைகளுக்கு ஆண்டு முழுவதும் பூச்சிகளும் கனிகளும் கிடைக்கின்றன. கோடையில் அவற்றுக்குப் பெரிதும் தேவைப்படுவது நீரே. நிழலான இடத்தில் வைத்து நாள்தோறும் கழுவி நிரப்பும் ஆழமற்ற மண்சட்டி ஒன்றே போதுமானது. எந்நிலத்திலும், பறவைக்கு என்ன தேவை என்பதை முதலில் கேட்டறிந்து, தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பின்னர் எண்ணுவதே முறையாகும்.

சின்னஞ்சிறு பறவை, பசியினால் அச்சத்தை வென்று மனிதரின் அருகே வருகிறது. அது தரும் நம்பிக்கை பெரிது. அந்நம்பிக்கைக்கு ஊறு நேராமல் காத்து, கண்டதை உள்ளவாறு பதிவுசெய்து, கண்டறிந்ததைப் பிறருடன் பகிர்ந்துகொள்வதே பறவை நோக்குதலின் பயனாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலோ வீட்டின் அருகிலோ ஒரு மணிநேரம் அமைதியாக அமர்ந்து, அங்கு வரும் பறவைகளைப் பட்டியலிடுக. ஒவ்வோர் இனத்திலும் ஒரே நேரத்தில் காணப்பட்ட மிகுதியான எண்ணிக்கையைக் குறிப்பிடுக. ஒரு மாதத்திற்குப் பின் அதே இடத்தில் மீண்டும் கணக்கெடுத்து, வேறுபாடுகளுக்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. ‘உணவிட்ட இடத்தில் எடுத்த பறவைப் படத்தை இயற்கைக் காட்சி எனக் கூறலாமா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நடத்துக.

3. கோடைக்காலத்தில் பறவைகளுக்கு நீர் வைக்கும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறைகளை அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்கேற்ற சுருக்கமான தொடர்களாக அமைக்க.